மோசமாக ஆடப் பழகியவர்

கல்யாணத்துக்கு இருபத்தொரு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா தனியாக வந்தார். சொல்லிவிட்டு வரவில்லை. ஹாஜி ஷவ்கி ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸகாஸீக்கிலிருந்து ரயிலேறி, கெய்ரோவில் இறங்கி, ஷுப்ராவின் சந்துகளில் வழி விசாரித்து, நாலு மாடி ஏறி, கையில் பஸ்பூசா இனிப்புப் பெட்டியோடு வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

கழுத்தில் அளவு நாடா தொங்க ஹில்மி கதவைத் திறந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா ஸ்டேஷனுக்கே வந்திருப்பேனே."

"சொல்லிட்டு வர்ற சமாச்சாரம் இல்ல இது. ரத்வா வீட்ல இருக்காளா?"

"மருந்துக்கடை வேலைக்குப் போயிருக்கா. நாலு மணிக்குத்தான் வருவா."

"தெரியும். அதனாலதான் இந்த நேரத்துக்கு வந்தேன்."

ஹில்மியின் மனைவி இன்ஸாஃப் புதினா போட்ட தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள். ஹாஜி மூன்று கரண்டி சர்க்கரை போட்டார், கலக்கினார், குடிக்கவில்லை. கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். நாற்பது விநாடி ஓடுகிற வீடியோ. ஒரு பெரிய கண்ணாடி, அதன் முன்னே ஐந்தாறு வெள்ளைக்காரப் பெண்கள், அவர்களுக்கு முன்னால் கறுப்புக் கால்சட்டையும் இடுப்பில் முடிந்த சால்வையுமாக ஒருவர். அவர் இடுப்பு மெதுவாக ஓர் எட்டு எழுதியது. பிறகு வயிற்றில் ஒரு அலை கிளம்பி நெஞ்சு வரை ஏறி இறங்கியது.

"இது நீங்கதானே?"

"நான்தான்."

"தையல்காரர்னு சொன்னீங்க."

"தையல்காரன்தான் ஹாஜி. அடையாள அட்டையிலயே அப்படித்தான் போட்டிருக்கு. வேணும்னா பாருங்க."

"அட்டை கிடக்கட்டும்." ஹாஜி கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "நான் கெட்டவன் இல்ல ஹில்மி. எம் பையன் ஹாஸிம்கிட்ட இதைக் காட்டினேன். 'எனக்கு எப்பவோ தெரியுமே'ங்கறான். அவன் பிரச்சினை இல்ல. எங்க அண்ணன் மெத்வல்லி இருக்காரு. அவருக்குக் கீழ மச்சான், மாமன், ஒண்ணுவிட்ட தம்பின்னு பாதி ஊர். அன்னிக்கு மண்டபத்துல முந்நூறு பேர் உக்காந்திருப்பாங்க."

"நான் ஆடலைங்க. ஓரமா ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கறேன்."

ஹாஜி இரண்டு கையையும் தூக்கினார். "அது இதைவிட மோசம்யா! பொண்ணோட அப்பா உக்காந்தா என்ன அர்த்தம்? இந்தச் சம்பந்தம் அவருக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம். பையன்கிட்ட என்ன குறைன்னு கேப்பாங்க. எங்க அக்கா கல்யாணத்துல எங்கப்பா முட்டிவலின்னு உக்காந்துட்டாரு. இருபது வருஷம் அந்தப் பேச்சு ஓயலை."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"ஆடுங்க. எல்லா அப்பாவும் ஆடற மாதிரி ஆடுங்க."

"அப்படின்னா?"

ஹாஜி தேநீரைப் பார்த்தபடி சொன்னார். "ஆடத் தெரியாத மாதிரி."

சமையலறை வாசலில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"முடியாமப் போச்சுன்னா?" என்று ஹில்மி கேட்டார்.

"எங்க அண்ணன் எந்திரிச்சுப் போயிடுவாரு. அவர் எந்திரிச்சா வரிசை வரிசையா எந்திரிப்பாங்க. அப்புறம் உங்க பொண்ணு அந்த ஊர்ல எப்படித் தலை நிமிந்து நடப்பா? நான் மிரட்டறேன்னு நெனைக்காதீங்க. நடக்கப் போறதைச் சொல்றேன்."

அவர் போன பிறகு ஹில்மி பஸ்பூசா பெட்டியைப் பிரிக்கவில்லை. ரத்வாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் இன்ஸாஃபிடம் சொன்னார்.

*

ஹில்மிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. ஷுப்ராவிலேயே பிறந்தவர். அப்பா டிராம் நடத்துநர். பத்தொன்பது வயதில் ஒரு நாட்டுப்புற நடனக் குழுவில் சேர்ந்தபோது வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. அது ஆண்கள் வரிசையாக நின்று கம்பு சுற்றி ஆடும் ஆட்டம், தொலைக்காட்சியில் வரும், அமைச்சர்கள் கைதட்டுவார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவனாக ஆடும்வரை எந்த ஆபத்தும் இல்லை. குழுவின் உடைகளைத் தைத்துக்கொண்டிருந்த பெண்தான் இன்ஸாஃப்.

ஆனால் அவருக்கு ஆசை வரிசையில் இல்லை, இடுப்பில் இருந்தது. சின்ன வயதில் அத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டக்காரிகளைப் பார்த்துப் பார்த்து, கதவுக்குப் பின்னால் நின்று பழகியது. கொட்டுக்காரன் ஓர் அடி வைத்தால் அந்த அடி உடம்பில் எங்கே போய் உட்கார வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது.

முப்பது வயதுக்கு மேல், நைல் நதியில் ஓடும் ஓர் உணவகப் படகில் வேலை கிடைத்தது. நீள அங்கி, கையில் கம்பு, நாட்டுப்புற ஆட்டம் என்றுதான் ஒப்பந்தம். முதல் மாதம் கம்பு மட்டும் ஆடியது. இரண்டாவது மாதம் இடுப்பும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. ஆறாவது மாதம் கம்பைத் தோளில் சாய்த்து வைத்துவிட்டு அவர் தனியாகப் பத்து நிமிடம் ஆட, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். அவரோடு வாசித்தவன் கரீப். தர்புக்காவை மடியில் சாய்த்து வைத்து அடிப்பான். அந்தக் கொட்டுக்கும் அந்த இடுப்புக்கும் அப்படி ஒரு பேச்சுவார்த்தை நடந்தது.

ஏழாவது மாதம் அனுமதி பார்க்கிறவர்கள் காவலர்களோடு வந்தார்கள்.

இடுப்பாட்டம் ஆடும் ஆட்டக்காரிக்கு உரிமம் உண்டு. அதற்கு ஆயிரம் நிபந்தனையும் உண்டு. வயிறு வெறுமனே தெரியக் கூடாது, ஒரு வலைத்துணியாவது மறைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த ஆட்டத்தைத் தனியாக நின்று ஆட ஆணுக்கு உரிமமே இல்லை. காவல் நிலையத்தில் இளம் அதிகாரி ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"உரிமம் எங்கே?"

"போய்க் கேட்டேங்க. தரமாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?"

"ஆம்பளைக்குக் கிடையாதாம்."

"அப்ப எதுக்கு ஆடினே?"

ஹில்மிக்கு அன்று வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, உங்க தம்பி கல்யாணத்துல நீங்க ஆடியிருக்க மாட்டீங்களா?"

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அப்புறம் அதிகாரி நிதானமாகவே பதில் சொன்னார். "ஆடினேன். நல்லாவே ஆடினேன். ஆனா நான் ஆட்டக்காரன் இல்ல."

ஹில்மி அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் படித்ததும் கேட்டதும் எத்தனையோ. ஒரு காலத்தில் கெய்ரோ கல்யாணங்களில் ஆண்களே பெண் உடையில் ஆடினார்கள் என்றும், அவர்களுக்கு இருந்த பெயர்தான் இன்று தெருவில் வசைச்சொல்லாகக் கிடக்கிறது என்றும் ஒரு பிரெஞ்சு மாணவி சொன்னாள். ஆனால் அந்த அதிகாரி ஒரே வரியில் சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. இந்த ஊரில் எந்த ஆணும் ஆடலாம், அது அவன் தொழிலாக இல்லாதவரை.

மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். இனி அனுமதியில்லாமல் ஆட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். வராத அனுமதிக்காகக் காத்திருப்பதாக எழுதிய காகிதம். ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தது. கூட்டிப்போக அப்பா வந்தார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி அவித்த மொச்சை வைத்த ரொட்டி வாங்கிக் கொடுத்தார். ஹில்மி தின்று முடித்ததும் சொன்னார். "நாளைக்கு டிராம்ல டிக்கெட் கிழிக்கறப்ப எம் மூஞ்சியைப் பாத்துச் சிரிப்பானுங்கடா. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

ஹில்மி ஒரு மாதம் கழித்து அடையாள அட்டையில் தொழிலை மாற்றிக்கொண்டு வந்து காட்டினார். தையல்காரர். இன்ஸாஃப் தன் இயந்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அன்றிலிருந்து அவர் திரைக்குப் பின்னால்தான். ஆட்டக்காரிகளுக்கு உடை தைத்தார். அவர்களுக்கும், கற்க வந்த வெளிநாட்டுப் பெண்களுக்கும் நடை சொல்லிக் கொடுத்தார். பெரிய விடுதிகளில் கைதட்டு வாங்கிய எத்தனையோ அடிகள் ஷுப்ராவின் நாலாவது மாடியில், சன்னலைச் சாத்திய அறையில் பிறந்தவை. உரிமச் சட்டத்தில் எது செல்லும் எது செல்லாது என்று ஆட்டக்காரிகள் அவரிடமே கேட்பார்கள். வலைத்துணி எத்தனை விரல் அகலம் இருந்தால் அதிகாரி சும்மா போவார் என்பது அவருக்கு அத்துப்படி. மற்றவர்கள் வயிற்றைப் பற்றிய சட்டமெல்லாம் தெரிந்தவருக்குத் தன் வயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ரத்வா பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் தையல் என்றுதான் எழுதினாள். உண்மை அவளுக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து பாத்திரம் கழுவும்போது சமையலறையில் அப்பாவும் மகளும் வானொலிப் பாட்டுக்கு ஆடுவார்கள். இன்ஸாஃப் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவாள்.

*

மோசமாக ஆடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள ஹில்மி தெருக் கல்யாணங்களுக்குப் போனார். ஷுப்ராவில் அதற்குப் பஞ்சமில்லை. கசாப்புக் கடைக்காரர் ஆடினார். தபால் குமாஸ்தா ஆடினார். கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆடினார். பாடம் எடுக்கிற கண்ணால் ஹில்மி பார்த்தார். முழங்கை தோளுக்கு மேலே போகிறது. முட்டி மடங்குவதில்லை. உடம்பின் பாரம் இரண்டு காலிலும் சமமாக நிற்கிறது. அடி விழுந்து அரை நொடி கழித்துத்தான் கால் விழுகிறது. நடுநடுவே மன்னிப்புக் கேட்கிற மாதிரி சுற்றியிருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து நாற்காலிகளை ஒதுக்கிப் போட்டு ஆடிக் காட்டினார். கரீப் மூலையில் உட்கார்ந்து கொட்டடித்தான். கல்யாணத்துக்கு வாசிப்பது அவன்தான்; பெண் வீட்டுக்கு அவன் செய்யும் மொய் அது.

இன்ஸாஃப் தலையாட்டினாள். "தேறாது, ரத்வா அப்பா. நீங்க மோசமா ஆடலை. மோசமா ஆடறவன் எப்படி ஆடுவான்னு அழகா நடிச்சுக் காட்டறீங்க."

"வேற என்ன செய்யறது?"

"தாளத்தை விடுங்க."

"விட முடியலடி."

"அண்ணே, நான் அடிக்கறதைக் கேக்காதீங்க" என்றான் கரீப். "வேற எதையாவது நெனைச்சுக்குங்க. உங்க மாமியாரை நெனைங்க."

"எங்கம்மாவை எதுக்குடா இழுக்கறே?" இன்ஸாஃப் வீசிய செருப்பைக் கரீப் கொட்டால் தடுத்தான். அதுகூடத் தாளத்தில் விழுந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். ஹில்மிதான் முதலில் நிறுத்தினார்.

பதினைந்து நாளில் உடம்பு கொஞ்சம் வழிக்கு வந்தது. முட்டியை இறுக்கிக்கொண்டார். தோளைக் கல்லாக்கினார். ஒன்று மட்டும் ஆகவில்லை. பாட்டு முடியும் இடத்தில் கொட்டுக்காரன் மூன்று அடி வைத்து முடிப்பான். தும், தக்க, தும். அந்தக் கடைசித் தும் விழும்போது ஹில்மியின் வலது இடுப்பு தானாக ஒரு வெட்டு வெட்டியது. காலைக் கட்டிக்கொண்டு நின்றாலும் வெட்டியது. இடுப்பில் தலையணையைக் கட்டிப் பார்த்தார்கள். தலையணையும் சேர்ந்து வெட்டியது.

"அதுக்கு ஒரு வழிதான் இருக்கு" என்றான் கரீப். "நான் முடிக்கவே மாட்டேன். சத்தத்தைக் கொறைச்சுக்கிட்டே போயி அப்படியே தேச்சு விட்டுடறேன். அடி இல்லேன்னா இடுப்பு எதுக்குப் பதில் சொல்லும்?"

"நெசமா செய்வியா?"

"எம் புள்ளைங்க மேல சத்தியம் அண்ணே."

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ரத்வா வேலையிலிருந்து வந்து, காலணியைக் கழற்றாமலே அப்பாவின் தையல் மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பா, கேக் வெட்டறதுக்கு முன்னாடி நம்ம சமையல்கட்டுப் பாட்டைப் போடச் சொல்லியிருக்கேன். நீங்களும் நானும் மட்டும்."

"பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்? இருபது வருஷத்துக்கு மேலா எனக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்தது பாத்திரம் கழுவறதுக்கா?"

ஹில்மி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மூன்று முறை தவறியது. "பாக்கலாம்மா" என்றார் மறுபடியும்.

*

ஸகாஸீக்கில் ரயில்வே ஊழியர் மன்றத்து மண்டபம். இரவு இஷாத் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து நிறைந்தார்கள். குலவைச் சத்தத்தில் மேற்கூரை அதிர்ந்தது. மேடையில் சோடியாகப் போட்ட சிம்மாசனத்தில் ரத்வாவும் ஹாஸிமும். முதல் வரிசையின் நடுவில், கையில் ஜெபமாலையோடு, மாப்பிள்ளையின் பெரியப்பா ஹாஜி மெத்வல்லி. அவருக்கு இரண்டு பக்கமும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் நிறுத்தவும் தெரிந்த ஆண்கள்.

முதலில் ஹாஜி ஷவ்கியை இழுத்து விட்டார்கள். "வேண்டாம்யா, வயசாச்சு" என்று சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றி யார் கையிலோ கொடுத்தார். யாரோ ஒரு கைத்தடியை நீட்டினார்கள். அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் இடுப்பை ஆட்டியதைப் பார்க்க வேண்டுமே. பெரிய வயிறு ஒரு பக்கம் போனால் இடுப்பு மறுபக்கம் போயிற்று. தோள் குலுங்கிற்று. மண்டபம் விசிலடித்தது. "டிக்கெட் எடுக்காம ஒருத்தரும் எறங்கக் கூடாது!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்த, ஹாஜி குனிந்து காற்றில் டிக்கெட் கிழித்துக் காட்டினார். மெத்வல்லிகூடச் சிரித்தார்.

ஹில்மி வேறு விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது இடுப்பு ஒரு கணம் பிந்துகிறது, ஆனால் அந்தப் பிந்துதலில் ஒரு அழகு இருக்கிறது. பாதம் தரையை அறிந்து வைக்கிறது. இருபது வயதில் இந்த மனிதர் என்னிடம் வந்திருந்தால் என்று நினைத்தார்.

"பொண்ணோட அப்பா எங்கே? பொண்ணோட அப்பா!"

ஹில்மி எழுந்து போனார். முட்டியை இறுக்கினார். முழங்கையைத் தூக்கினார். துணி காயப் போடுகிறவர் மாதிரி கையை விரித்துக்கொண்டு, அடிக்கு அரை நொடி பின்னால் காலை வைத்தார். சுற்றிப் பார்த்து மன்னிப்புச் சிரிப்பும் சிரித்தார். இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு, வெளிச்சத்தில், முந்நூறு பேர் முன்னால், அவர் ஆடினார்.

மெத்வல்லி தொடையில் தட்டிக்கொண்டார். "அடேயப்பா, சம்பந்திக்கு ரெண்டும் இடது கால்! நல்ல மனுஷன்யா. நேரான மனுஷன்." அவருக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

சமையல்கட்டுப் பாட்டு ஆரம்பித்தது. ரத்வா வெள்ளைப் பாவாடையை இரு கையிலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். பாதி வழியில் அவள் நடை தயங்கியது. அப்பாவின் காலைப் பார்த்தாள். கிட்டே வந்து காதருகில் கேட்டாள்.

"அப்பா, என்ன இது? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"காலை ஏன் இப்படி வைக்கறீங்க?"

"அப்பாக்கள் இப்படித்தாம்மா ஆடுவாங்க."

ரத்வா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தோளுக்கு மேலாக முதல் வரிசையைப் பார்த்தாள். புரியாத கையெழுத்தில் மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்துவிடுகிற பெண் அவள்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

"ஹாஜிதானே?"

"சிரிம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

அவள் நின்றாள். நாலு அடி நேரம் நின்றாள்; ஹில்மி எண்ணிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் கைதட்டல் கொஞ்சம் தளர்ந்தது. ஜெபமாலை உருட்டும் விரல் நின்றது. அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தார். சத்தம் போட்டுக் கேட்டுவிடுவாள் என்றும் நினைத்தார். அவள் சுபாவம் அது.

ரத்வா முழங்கையைத் தூக்கினாள். தோளுக்கு மேலே. முட்டியை இறுக்கிக்கொண்டாள். ஐந்து வயதிலிருந்து அவர் பழக்கிய கால், அடிக்கு அரை நொடி பின்னால் தரையில் விழுந்தது.

அப்பாவும் மகளும் மோசமாக ஆடினார்கள். முந்நூறு பேரும் சிரித்தார்கள், தட்டினார்கள், குலவையிட்டார்கள். இருவரும் ஒரே அளவு பிந்தினார்கள். அவர் கால் விழும் கணத்தில்தான் அவள் காலும் விழுந்தது. தாளத்துக்கு வெளியே இரண்டு பேர் அப்படிச் சேர்ந்து நிற்பதற்கு எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் மடியில் கொட்டு இருந்தது. கரீபின் கண் கலங்கிவிட்டது. எதிரே ஆடுவது ஹில்மி. இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு கூட்டம் கிடைத்திருக்கிறது. பாட்டு முடியும் இடம் வந்தது. தேய்த்து விடுவதாகப் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருந்தான். கை அதைக் கேட்கவில்லை.

தும், தக்க, தும்.

ஹில்மியின் வலது இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது. ஒன்றே ஒன்று. கோட்டின் ஓரம் ஒரு அங்குலம் எழும்பி அமர்ந்தது. அவ்வளவு சுத்தமான ஓர் அடியை அவர் படகில் ஆடிய காலத்திலும் வைத்ததில்லை.

ரத்வா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். முகத்தை எடுத்தபோது கோட்டில் கண் மை அப்பியிருந்தது.

மெத்வல்லி எழுந்து போகவில்லை. அவர் அந்நேரம் பக்கத்திலிருந்தவரிடம் கேக் எத்தனை அடுக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். எந்த வரிசையும் எழவில்லை.

ஹில்மி ஒரு தூணருகே போய் உட்கார்ந்தார். ஹாஜி ஷவ்கி சிவப்புச் சர்பத் இரண்டு கோப்பையில் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார். இருவரும் மேடையைப் பார்த்தபடிதான் பேசினார்கள்.

"நல்லா ஆடினீங்க சம்பந்தி. ஒருத்தருக்கும் தெரியலை."

ஊரறிய ஆடியதற்கு ஹில்மிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். "சந்தோஷம்" என்றார்.

"கடைசியில ஒண்ணு வந்துது."

"பாத்தீங்களா?"

"முப்பத்து நாலு வருஷம் ரயில்ல நின்னவன் நான். முந்நூறு பேர் உக்காந்த பெட்டியில டிக்கெட் இல்லாதவன் யாருன்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லுவேன்."

"அது என் கையில இல்ல ஹாஜி."

"தெரியும்." ஹாஜி சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தார். "வீடியோ எடுக்கறவன் எல்லாத்தையும் எடுத்துட்டான். வீடு வீடாப் போட்டுப் பாப்பாங்க. அதை மட்டும் வெட்டச் சொல்லிடறேன். தப்பா நெனைக்காதீங்க."

அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஹில்மி சொல்ல நினைத்தார். மேடையில் ரத்வாவும் ஹாஸிமும் கேக்கின் மேல் கத்தியைச் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஹாஸிம் ஏதோ சொல்ல அவள் அவன் காலை மிதித்தாள்.

"சரி சம்பந்தி" என்றார்.

*

ஒரு மாதம் கழித்து வீடியோ வந்தது. ஹில்மியும் இன்ஸாஃபும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஊர்வலம், குலவை, ஹாஜியின் கைத்தடி ஆட்டம் முழுசாக. பிறகு ஒரு கிழவர் துணி காயப் போடுவதுபோல் ஆடினார். அது தான்தான் என்று ஹில்மிக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. வெள்ளை உடையில் ரத்வா வந்தாள், நின்றாள், முழங்கையைத் தூக்கினாள். கரீப் கையை ஓங்கினான். உடனே கேக் வந்துவிட்டது.

"எங்க, அது?" என்றாள் இன்ஸாஃப்.

"அதான் வெட்டறேன்னாரே."

இன்ஸாஃப் இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். பிறகு அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரத்வா வந்தாள். மாமியார் கொடுத்தனுப்பிய திராட்சையிலைச் சோற்றுச் சுருள் ஒரு பெரிய பாத்திரம் நிறைய. ஹில்மி இயந்திரத்தில் இருந்தார். ஒரு புது ஆட்டக்காரிக்கு உடை. வயிற்றுப் பகுதிக்கு வலைத்துணி இணைத்துக்கொண்டிருந்தார்.

"வீடியோ பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"நமக்குக் குடுத்ததுலயும் அது இல்ல. எல்லா வீட்டுக்கும் குடுத்ததுலயும் இல்ல." ரத்வா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வெட்டாத ஒண்ணு ஹாஜிகிட்ட இருக்கு."

இயந்திரம் நின்றது. "அவருக்கு எதுக்கு?"

"ஹாஸிம் நேத்து என்கிட்ட சொன்னான். மத்தியானம் எல்லாரும் படுத்தப்புறம் அவர் ரூமுக்குள்ள உக்காந்து அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போடறாராம். தும் தக்க தும், தும் தக்க தும்னு வெளியில கேக்குதாம். என்னப்பா பண்றீங்கன்னு இவன் கேட்டதுக்கு, செய்தி பாக்கறேன்னாராம்."

ஹில்மி வலைத்துணியின் ஓரத்தை விரலால் நீவினார். சிரிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"கதவைச் சாத்திக்கிட்டா பாக்கறாரு?"

"ஆமாப்பா. தாழ் போட்டுக்கிட்டு."

அவர் தலையாட்டினார். இயந்திரத்தின் மிதியில் காலை வைத்து, வலைத்துணியை ஊசிக்கு அடியில் நேராக இழுத்துவிட்டார்.